கொக்கும் பாரந்தூக்கியும்

‘கிரேன்’ என்று நாம் சட்டென்று சொல்லிவிடும் சொல்லுக்குள் ஒரு பறவை நிற்கிறது. கொக்கைப் போல நீண்ட கழுத்துள்ள அந்தப் பெரும்பறவையைக் கிரேக்கர் ‘கெரனோஸ்’ என்றார்கள்; சுமை தூக்கும் பொறிக்கும் அதே பெயரை இட்டார்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இன்றுவரை பறவைக்கும் பொறிக்கும் ஒரே பெயர்தான். ஜெர்மன் மொழியில் பறவை ‘கிரானிஷ்’, பொறி ‘கிரான்’.

இந்தச் சொல்லின் பயணத்தை ஒரே பொறியின் வாழ்க்கையில் பார்க்க முடியும். 1941-இல் ஜெர்மனியில் கடற்படைக்காகக் கட்டப்பட்ட, 350 டன் தூக்கும் மிதவைக் கிரேன் அது. தண்ணீரில் நிற்கும் இத்தகைய பொறியை ஜெர்மானியர் ‘ஷ்விம்கிரான்’ என்பார்கள். அவர்கள் மொழியில் நீந்துவதற்கும் மிதப்பதற்கும் ஒரே வினைச்சொல். தமிழில் மீன் நீந்தும், கட்டை மிதக்கும். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே அந்தப் பெயரை அப்படியே நம் காதில் வாங்கினால் ‘நீந்தும் கொக்கு’ என்றே கேட்கிறது.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அதைப் போர்ப்பரிசாகக் கொண்டுபோனார்கள். 1946 முதல் ஐம்பது ஆண்டுகள் கலிபோர்னியாவின் லாங் பீச் கடற்படைத் தளத்தில் அது உழைத்தது. ‘ஹெர்மன் தி ஜெர்மன்’ என்று எதுகையோடு ஒரு செல்லப்பெயரும் கிடைத்தது. பகைவர் நாட்டுப் பொறிக்கு ஆள்பெயர் வைத்துக் கூப்பிட்ட அந்தத் தொழிலாளர்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது. 1982-இல் ஹோவர்ட் ஹியூஸின் மாபெரும் மரவிமானத்தைத் தூக்கியது ஹெர்மன்தான். சிறகின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழ 97 மீட்டர் அகலமுள்ள அந்த விமானம், தன் ஆயுளில் ஒரே ஒரு முறை, 1947 நவம்பரில், கொஞ்ச தூரம் பறந்திருந்தது. மறுபடி பறக்காத பறவையைப் பறவைப்பெயர் கொண்ட பொறி தூக்கி வைத்தது.

தமிழ் வேறு வழியில் போனது. ‘பாரந்தூக்கி’ என்ற சொல்லில் கழுத்தும் இல்லை, அலகும் இல்லை. செய்யும் வேலைதான் இருக்கிறது. அந்தப் பொறியில் சுமையை மாட்டும் ‘கொக்கி’யைக் ‘கொக்கு’டன் முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் ஒலி ஒன்றுபோல இருப்பதை மட்டும் வைத்து உறவு கட்டுவது சொல்லாராய்ச்சி ஆகாது.

கிணற்றடிக்குப் போனால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். நம் ஏற்றத்தைப் போன்ற கருவியை ஹங்கேரியில் நாரை வகைப் பறவையின் பெயராலும், ரஷ்யாவில் கெரனோஸ் பறவையின் பெயராலும் அழைக்கிறார்கள். நாமோ ‘ஏற்றம்’ என்றோம். யாழ்ப்பாணத்தில் ‘துலா’ என்றார்கள். துலா என்றால் தராசு. மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, அவன் உடல் எடையே எதிர்ப்பாரமாகி நீரை மேலேற்றும். மிதவைக் கிரேனின் உயிர்நிலையும் அதுதான். தரையில் ஊன்றிய பொறிக்குக் காலடியில் பூமி உண்டு. தண்ணீரில் நிற்பதற்கோ, ஒருபுறம் சுமை தொங்கினால் தெப்பம் அந்தப் பக்கம் சாயும். மறுபுறம் எடை வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் பெருந்துலா அது. இந்தச் சொல்லை நாம் துறைமுகம் வரை கொண்டுபோகாமல் கிணற்றடியிலேயே விட்டுவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

1996-இல் ஹெர்மன் இன்னொரு கப்பலின் முதுகில் ஏறிப் பனாமா போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் ‘டைட்டன்’. கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் நீரறைகளின் எஃகுக் கதவுகளைப் பழுதுபார்க்கக் கழற்றும்போது அதன் தோள் வேண்டியிருக்கிறது. பனாமாவின் ஸ்பானிய மொழியில் இந்த வகைப் பொறி ‘குரூவா’. லத்தீனில் ‘குரூஸ்’ என்ற சொல்லின் வழி வந்தது. குரூஸ் என்றாலும் அதே நெடுங்கழுத்துப் பறவைதான்.