ஊறுகாய்ச் சாடியும் சிறுநீரகமும்



சிறுநீரகம் பழுதுற்ற என் அன்னையாரிடம் ஊறுகாயைத் தவிர்க்குமாறு மருத்துவர் கூறினார். “தோட்டத்தில் அதைத்தானே உண்டு வளர்ந்தோம்!” என அன்னையார் வருந்தினார். அவர் கூற்றில் வரலாறு உண்டு.

1938ஆம் ஆண்டுவரை கங்காணி முறையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரிடம் குளிர்பதனப் பெட்டி இல்லை. மாங்காயையும் எலுமிச்சையையும் கெடாமல் காத்தது உப்பே. விடியலில் பால்மரம் வெட்டச் சென்றோருக்குப் பழைய சோற்றுடன் ஊறுகாயே துணை. இன்று பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வீடுகளில் குளிர்பதனப் பெட்டி உண்டு. தேவை மறைந்தது, சுவை மட்டும் நிலைத்தது.

ஊறிய காயின் புளிப்பு குற்றமன்று. உப்பின் மிகுதியே குற்றம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். பழுதுற்ற சிறுநீரகம் அதனை வெளியேற்றத் திணறும். ‘சோடியம் குறைந்த உப்பு’ வகைகள் பலவற்றில் பொட்டாசியம் உள்ளது. ஆகவே சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அவற்றை நாடுதல் ஆபத்து.

நலமுள்ளோர் சிறிது தொட்டுக்கொள்ளலாம். ஆயினும், பள்ளி விட்டதும் நம் பிள்ளைகள் வாங்கியுண்ணும் ஜெருக்கிலும் உப்பு உண்டென்பதை மறவாதீர்.

அன்னையார் இப்போது உப்பிடாத எலுமிச்சைச் சாற்றில் சிறிது இஞ்சித் துருவலைக் கலந்து உண்கிறார். பழகச் சில வாரங்கள் ஆயின.