நானூறு கெஜம், நாற்பது பிட்

இரவு எட்டு மணிக்கு மேல் இன்டர்நெட் படுத்துவிடுகிறது என்று சென்ற பொதுக்குழுவில் பி பிளாக் நண்பர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். பெரிய பிளானுக்கு மாறிவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். நான் பி.காம். படித்தவன், கம்ப்யூட்டர் வல்லுநன் அல்ல. ஆனால் வங்கிக் கவுண்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவனுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். அந்த ஆர்வத்தில் தேடிப் படித்தபோது கிடைத்த கதை இது.

1986 அக்டோபர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். அதை ஒட்டிய மலைச்சரிவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். இடையே சுமார் 400 கெஜம். இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது 40 பிட்டாக விழுந்தது. 40 பிட் என்றால் நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து. இரண்டாயிரம் எழுத்துள்ள ஒரு பக்கக் கடிதம் போய்ச்சேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். மேட்டுப் பாதையானாலும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே கொடுத்திருக்கலாம்.

கம்பி அறுந்துபோகவில்லை. நெரிசல்தான் காரணம்.

நெட்வொர்க்கில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. வழியில் உள்ள கருவிகள் அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும். வரிசைக்கு இடம் இல்லாவிட்டால், புதிதாக வரும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். 'வந்து சேர்ந்தது' என்ற ரசீது குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், அனுப்பிய கம்ப்யூட்டர் அதையே மறுபடி அனுப்பும். இது டிசிபி என்ற விதிமுறை. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது. வாங்கும் கம்ப்யூட்டர் தனக்கு எவ்வளவு கொள்ளும் என்று சொல்ல அதில் வழி இருந்தது. நடுவழியில் எவ்வளவு கொள்ளும் என்பதை அனுப்புபவர் அறிந்து நடக்கச் சரியான ஏற்பாடு இல்லை.

எங்கள் கிளையில் பென்ஷன் பாக்கி கேட்டு ஒரு பெரியவர் கடிதம் போடுவார். வாரத்தில் பதில் வராவிட்டால் ரிமைண்டர், பிறகு இன்னொரு ரிமைண்டர். மூன்றும் என் மேஜையில் ஒரே கட்டில் கிடக்கும். எது பதில் எழுதியது, எது எழுதாதது என்று தேடுவதிலேயே பொழுது போகும். மற்றவர்கள் கடிதமும் தாமதமாகும். அவர்களும் ரிமைண்டர் போடுவார்கள். பெர்க்லியிலும் இதுதான் நடந்தது. முதல் பொட்டலம் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும்போதே அதன் நகல் பின்னால் வந்து நின்றது. இணைப்பு முழு மூச்சாக வேலை செய்தும் பயனுள்ள வேலை நடக்கவில்லை. இப்படி ஆகும் என்று ஜான் நேகிள் என்ற பொறியாளர் 1984-லேயே எழுதி, 'நெரிசல் சரிவு' என்ற பொருளில் பெயரும் வைத்திருந்தார்.

ஆய்வுக்கூடத்தின் வேன் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தின் மைக் கேரல்ஸும் சேர்ந்து காரணம் தேடினார்கள். தங்கள் பெர்க்லி யூனிக்ஸ் மென்பொருளே தவறாக நடக்கிறதோ என்ற சந்தேகம் அவர்களுக்கு. கண்டுபிடித்த மருந்து எளிமையானது. எடுத்தவுடன் அள்ளிக் கொட்டாதே: முதலில் ஒரு பொட்டலம், ரசீது வந்தால் இரண்டு, பிறகு நான்கு, எட்டு. ஒரு அளவுக்கு மேல் ஒவ்வொன்றாக மட்டும் கூட்டு. பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள். மீண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பி, முன்பு எட்டிய அளவில் பாதி வந்ததும் நிதானமாகு. ரசீதுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் பார்த்துக் கணக்கிடு. 1988-இல் ஜேக்கப்சன் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

என்னை வியக்க வைத்தது வேறு. இதில் போலீஸ் கிடையாது. நடுவில் நின்று யாரையும் தடுப்பவர் இல்லை. அனுப்பும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானாகவே கையைச் சுருக்கிக்கொள்கிறது. சுருக்காதவனுக்கு அந்த நேரத்துக்குக் கூடுதலாகவே கிடைக்கும்! (நம் பார்க்கிங்கில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள்.) ஆனாலும் பெர்க்லி மென்பொருளோடு சேர்ந்து இந்தப் பழக்கமும் பரவியது. அது பரவாமல் போயிருந்தால், எத்தனை பெரிய கம்பி போட்டிருந்தாலும் நகல்கள் அதையும் அடைத்திருக்கும்.

பிற்பாடு வேறொரு சிக்கல் முளைத்தது. மெமரி விலை இறங்க, ரூட்டர்களில் வரிசைக்கு ஏராளமாக இடம் வைத்தார்கள். பொட்டலம் தொலைந்தால்தானே கம்ப்யூட்டர் நிதானிக்கும்? இடம் தாராளமாக இருந்தால் தொலையாது, காத்தே கிடக்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு பலருக்கும் எடுத்துச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும், பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து முன்கூட்டியே சிலவற்றைக் கழிக்கும் முறையைத் தந்தார்கள். சில ரூட்டர்களில் இப்போது அந்த வசதி உண்டு.

ஆகவே பி பிளாக் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளானை மாற்றுவதற்கு முன், ஒரு நாள் இரவு வீட்டில் எல்லா போன்களிலும் போட்டோ பேக்கப்பை நிறுத்திவிட்டு வீடியோ கால் பேசிப் பாருங்கள். மறுநாள் பேக்கப் ஓடும்போது பேசிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பார்க்க வேண்டியது முதலில் ரூட்டரை. முடிவை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு நான் தொகுத்து வைக்கிறேன். ரிமைண்டர் வேண்டாம்.