இளையோர் காதுக்குச் செய்தி: ஆஸ்திரேலியாவின் தொண்ணூறு ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்கென்றே நாள்தோறும் வெளியாகும் செய்திப் பாட்காஸ்ட்டுகளின் வேரைத் தேடினால், அது பத்திரிகை அலுவலகத்தைவிடக் குழந்தைகள் வானொலியிலும் பள்ளிக்கூடத்திலும்தான் ஆழமாக இறங்கியிருப்பது தெரியும். நடந்ததைச் சொல்வதோடு நிற்காமல், அதற்கு முன்னால் என்ன நடந்தது, இதனால் யாருக்கு என்ன என்று அடியிலிருந்து விளக்குவது இவற்றின் வழக்கம். அந்த வழக்கம் படிப்படியாக உருவானது. பெரும்பாலும் ஏபிசி எனப்படும் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் கூரைக்கு அடியில்தான் உருவானது.

ஏபிசி 1932 ஜூலை 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் செய்திகள் அன்று பத்திரிகை முதலாளிகளின் தயவில் இருந்தன. வானொலியில் செய்தி கேட்டுவிட்டால் மறுநாள் மக்கள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க மாட்டார்களே என்ற பயத்தில், செய்தி வாசிக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் அவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஏபிசி தானே செய்தி திரட்ட வேண்டும் என்று 1946-இல் சட்டம் வந்தது. 1947 ஜூன் 1 அன்று அதன் சொந்தச் செய்திப் பிரிவு இயங்கத் தொடங்கியது. பெரியவர்களுக்கான செய்திக்கே இந்தப் பாடு என்றால், சிறுவர்களுக்குத் தனியாகச் செய்தி என்பது யாருடைய நினைப்பிலும் இருந்திருக்காது.

ஆனால் சிறுவர்களோடு பேசும் கலை அதற்கு முன்பே அங்கே வளர ஆரம்பித்துவிட்டது. நினா மர்டாக் 1933-இல் மெல்போர்னில் தொடங்கிய 'ஆர்கோநாட்ஸ் கிளப்' என்ற சிறுவர் வானொலி நிகழ்ச்சி சீக்கிரமே நின்றுபோனது. 1941-இல் நாடு தழுவிய நிகழ்ச்சியாக உயிர்பெற்று 1972 வரை ஓடியது. இதில் சேரும் சிறுவரின் சொந்தப் பெயர் காற்றலையில் வராது. கிரேக்கக் கதைப்படி ஒரு கப்பலின் பெயரும் அதில் துடுப்புப் போடும் இடத்தின் எண்ணும் தரப்படும். கதையோ கட்டுரையோ அனுப்பினால் அந்தப் பெயரில்தான் வாசிப்பார்கள். எங்கோ கம்பளி ஆட்டுப் பண்ணையில் பக்கத்து வீடே இல்லாமல் வளரும் சிறுமியும் சிட்னி நகரத்துப் பையனும் ஒரே கப்பலில் ஏறிவிடுவார்கள். ஓவியம் பற்றிப் பேச ஓவியர் ஜெஃப்ரி ஸ்மார்ட், எழுத்து பற்றிப் பேச கவிஞர் ஏ.டி. ஹோப் என்று பெரிய ஆட்களே புனைபெயரில் வந்தார்கள். இதில் செய்தி கிடையாது. கேட்பவரை மட்டம் தட்டாமல், அவர் எழுதி அனுப்பியதையே நிகழ்ச்சியாக்கும் முறை இருந்தது. பின்னால் வந்த இளையோர் செய்தி நிகழ்ச்சிகளிலும் இதே முறையைப் பார்க்கலாம்.

செய்தி வகுப்பறைக்குள் வந்தது 1968-இல், 'பிஹைண்ட் த நியூஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியாக. மேல்நிலைத் தொடக்கப்பள்ளி மாணவர்களை, ஏறத்தாழ 10 முதல் 13 வயது வரை உள்ளவர்களை, மனத்தில் வைத்து அது தயாரானது. வாரத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சிப் பெட்டியை வகுப்புக்கு உருட்டிக்கொண்டு வந்து போட்டுப் பார்த்த தலைமுறைகள் அங்கே உண்டு. போர், வறட்சி, வரவு செலவுத் திட்டம் எதுவானாலும் முதலில் வரைபடம், பிறகு பழைய கதை, கடைசியில்தான் இந்த வாரச் செய்தி. செய்தியறையின் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிய இந்த வரிசைதான் இன்றைய விளக்கப் பாட்காஸ்ட்டுகளின் எலும்புக்கூடு. 2003-இல் நிதி நெருக்கடி என்று சொல்லி ஏபிசி நிர்வாகம் இதை நிறுத்தியது. எதிர்ப்பு வலுத்து, 2005-இல் நிகழ்ச்சி திரும்பி வந்தது. வாக்குரிமை இல்லாதவர்கள் பார்க்கும் நிகழ்ச்சி என்பதால் வெட்டுவது சுலபம் என்று நினைத்திருக்கலாம். ஆசிரியர்களையும் பெற்றோரையும் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

வாக்குரிமையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பது 1924-இலிருந்து கட்டாயம். தக்க காரணமின்றி வராதவருக்கு 20 டாலர் அபராதம். வாக்களிக்கும் வயது 1973-இல் 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. ஆக, பள்ளியை விட்டு வெளியே வந்த கையோடு, அரசியலில் ஆர்வம் இருக்கிறதோ இல்லையோ, ஒருவர் வாக்குச்சாவடிக்குப் போயே ஆகவேண்டும். விருப்பமுள்ளவர்கள் மட்டும் வாக்களிக்கும் நாடுகளில் இளைஞர்களுக்குச் செய்தியை விளக்குவது ஒரு நற்பணி. இங்கே அது தேவை.

வாக்களிக்கும் வயது குறைந்த இரண்டே ஆண்டுகளில் இளைஞர்களுக்கென்று தனி வானொலியும் வந்தது. பிரதமர் விட்லமின் ஆட்சிக் காலத்தில், 1975 ஜனவரி 19 காலை 11 மணிக்குச் சிட்னியில் 'டபுள் ஜே' ஒலித்தது. தனியார் வானொலிகள் ஒலிபரப்ப மறுத்திருந்த ஸ்கைஹூக்ஸ் குழுவின் பாடல் ஒன்றைத்தான் முதல் பாட்டாகப் போட்டார்கள். பாட்டோடு, இளைஞர்களின் காதல், உடலுறவு, வேலையின்மை பற்றி அவர்களையே பேசவைத்த ஒலிச்சித்திரங்களும் வந்தன. புகார்களும் கூடவே வந்தன. 1980-இல் பண்பலைக்கு மாறி 'டிரிபிள் ஜே' ஆனது. 1989-இலிருந்து மற்ற மாநிலத் தலைநகரங்களுக்குப் பரவியது. 1990-இல் என்.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க ராப் குழு காவல்துறையைத் திட்டிப் பாடிய பாடலை ஏபிசி நிர்வாகம் தடை செய்தபோது ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே குழுவின் 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' பாடலை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் வானொலி இளைஞர் பக்கம் நிற்குமா, நிர்வாகத்தின் பக்கம் நிற்குமா என்ற இழுபறி அந்த நிலையத்தை விட்டுப் போகவே இல்லை.

2004-இல் டிரிபிள் ஜே தொடங்கிய 'ஹேக்' என்ற நடப்புச் செய்தி நிகழ்ச்சி, இன்றைய தினசரிப் பாட்காஸ்ட்டின் நேரடி முன்னோடி. முதல் தொகுப்பாளர் ஸ்டீவ் கன்னேன். பிறகு டாம் டில்லி பல ஆண்டுகள் நடத்தினார். வார நாட்களில் மாலை அரை மணி நேரம். வாடகை, கல்விக்கடன், போதைப்பொருள், மனநலம் என்று கேட்பவரின் அன்றாடத்தில் கைவைக்கும் பொருள்கள். நேயர்கள் தொலைபேசியில் வருவார்கள். அவர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் அந்தக் கணமே வாசிக்கப்படும். அமைச்சர் ஒருவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, கடையில் வேலை பார்க்கும் ஒருவரின் கேள்வி அவர் முன்னால் வந்து விழும். இரவு செய்திக்குப் பழகிய அரசியல்வாதிகளுக்கு இது கொஞ்சம் சங்கடமான இடம்தான்.

2005-இல் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட் இடம்பெற்றதும், நேரத்துக்குப் பெட்டி முன்னால் உட்கார வேண்டிய அவசியம் போனது. ஆனாலும் தினசரிச் செய்திப் பாட்காஸ்ட் அலை ஆஸ்திரேலியாவில் எழ மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. சாரா சைட்லரும் சாம் கோஸ்லோவ்ஸ்கியும் 2017-இல் இன்ஸ்டாகிராமில் தொடங்கிய 'த டெய்லி ஆஸ்', பின்னர் தினசரிப் பாட்காஸ்ட்டாகவும் விரிந்தது. 2019-இல் ஷ்வார்ட்ஸ் மீடியாவின் '7ஏஎம்' வந்தது. 2020-இல் 8 முதல் 12 வயதினருக்கான 'ஸ்க்விஸ் கிட்ஸ்' வந்தது. ஹேக்கிலிருந்து வெளியேறிய டாம் டில்லியும் அதே ஆண்டு 'த பிரீஃபிங்' என்ற தனியார் பாட்காஸ்ட்டுக்குப் போனார். பொது ஒலிபரப்பில் தேறிய பாணி இப்படி ஆட்களோடு சேர்ந்தே சந்தைக்கு இடம்பெயர்ந்தது.

இந்தப் பாணி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2023 அக்டோபர் 14 பொதுவாக்கெடுப்பு நல்ல எடுத்துக்காட்டு. பூர்வகுடி மக்களின் ஆலோசனைக் குழு ஒன்றுக்கு அரசியலமைப்பில் இடம் தரலாமா என்பது கேள்வி. முந்தைய பொதுவாக்கெடுப்பு நடந்தது 1999-இல்; ஆகவே 40 வயதுக்கு உட்பட்ட எவருக்கும் இது முதல் அனுபவம். நாடு முழுவதும் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது, ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கிலும் பெரும்பான்மை வேண்டும். அதற்கு முன் நடந்த 44 முயற்சிகளில் தேறியவை எட்டே எட்டு. இவ்வளவையும் சொன்ன பிறகுதான் 'ஆம்' தரப்பும் 'இல்லை' தரப்பும் பேசுவதற்கே அர்த்தம் வரும். தீர்ப்பு 'இல்லை' என்று வந்தது. ஆறு மாநிலங்களும் மறுத்தன. இத்தனை விளக்கங்கள் கிடைத்தும், அடுத்த ஆண்டு நடந்த தேசியக் குடிமையியல் மதிப்பீட்டுத் தேர்வில், 10-ஆம் வகுப்பினரில் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 28 சதவீதம்தான். பாட்காஸ்ட்டுகள் பெருகிய அதே காலத்தில் இந்த எண் சரிந்திருக்கிறது. தேடிவந்து கேட்பவருக்கு மட்டுமே அவை போய்ச் சேரும். வகுப்பறைத் தொலைக்காட்சியோ உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

சமூக ஊடகம் என்ற பிறருடைய தளத்தில் கடை போட்டவர்களுக்கு வேறு சிக்கல். இணையத் தளங்கள் செய்திக்குப் பணம் தரவேண்டும் என்ற சட்ட முன்வரைவை எதிர்த்து 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ஆஸ்திரேலியாவில் செய்திப் பக்கங்களை ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதிக்கும் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10-இல் அமலுக்கு வந்தது. இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. பாட்காஸ்ட் செயலிகள் இல்லை.