அணிலும் முந்திரிகையும்: ஒரு வாள் தட்டை வாசிப்பது

யப்பானிய வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் ஓர் உலோகத் தட்டு இருக்கும். ட்சுபா எண்டு சொல்லுவினம். கை வழுக்கி அலகில் படாமல் காப்பது அதன் வேலை. 1615இல் ஒசாக்கா கோட்டை விழுந்த பிறகு யப்பானில் நீண்ட சமாதான காலம். வாள் இடுப்பில் இருந்தது, உறையை விட்டு வெளியே வந்தது குறைவு. உள்ளங்கையளவான அந்தத் தட்டோ கதை சொல்லும் இடமாக மாறியது.

1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. படையினர், பொலிஸார் போன்றோருக்கு மட்டும் விலக்கு. வாளை இழந்த தட்டுகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விற்பனைக்குப் போயின. பொருள் கப்பலேறிவிட்டது. அதை வாசிக்கத் தெரிந்த கண்கள் ஊரிலேயே நின்றுவிட்டன.

இண்டைக்கு நமக்குத் துணை, மரப்பெட்டி மூடியிலோ சான்றிதழிலோ இருக்கும் ஒரு வரி விவரணைதான். பெட்டி மூடியில் தூரிகை எழுத்து ஓடும். 1949இல் எளிமையாக்கப்படுவதற்கு முந்திய வடிவங்களும் வரும். 'இரும்பு', 'உருவம்' போன்ற சாதாரண சொற்களே அடையாளம் தெரியாது.

எழுத்தைத் தாண்டினால் சொல்லொழுங்கு தமிழருக்குச் சுகம். நம்மைப் போலவே அடைமொழி முன்னுக்கு, பெயர் கடைசியில். 'முந்திரிகை அணில் உருவத் தட்டு' எண்டு அப்படியே பிரிக்கலாம். சில நேரம் அந்தப் பெயர் இல்லாமல் உருவமே பிடிபடாது. மியமொத்தோ முசாஷியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு தட்டில் இரண்டு நீள்வட்ட ஓட்டைகள் மட்டும்தான் இருக்கும். விவரணை அதை 'நமாக்கோ' என்கிறது. எங்கட கடற்கரையில் பிடிக்கும் அதே கடலட்டை!

ஆனால் பெயர் தெரிந்தாலும் வேலை முடியாது. வாளில் அணிலுக்கும் முந்திரிகைக்கும் என்ன அலுவல்? வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். முந்திரிகை 'புதோ', அணில் 'ரிசு'. போர்க்கலையும் 'புதோ'தான். 'ரிஸ்ஸு' என்றால் ஒழுங்குபடுத்துவது. 'போர்க்கலையை நெறிப்படுத்து' என்பது பலரும் தரும் விளக்கம். கோடாலி, கொத்தோ என்ற நரம்பு வாத்தியம், செவ்வந்தி மூன்றும் சேர்ந்தால் 'யொக்கி கொத்தோ கிக்கு', அதாவது நல்ல செய்தி கேள். பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் கட்டிய காளமேகத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. அங்கே சொல்லில் செய்த சிலேடையை இங்கே உருவத்தில் செய்திருக்கினம்.

இன்னொரு வகைக்கு 'ருசு மொயோ' எண்டு பெயர். 'ருசு' என்றால் வீட்டில் ஆளில்லை. கதையின் மனிதரை விட்டுவிட்டு அவர் விட்டுச்சென்ற தடயத்தை மட்டும் செதுக்குவார்கள். கோணல்மாணலான பலகைப் பாலமும் ஐரிஸ் பூக்களும் வந்தால் அது இசே மொனொகத்தாரியின் காட்சி. தலைநகரில் விட்டுவந்த மனைவியை நினைத்து ஒருவன் அந்தப் பாலத்தடியில் கவிதை சொல்கிறான்.

1908இல் ஆன்றி ஜோலி லண்டனில் யப்பானியக் கலைக் கதைகளுக்கு ஓர் அகராதியே போட்டார். சேகரித்தவர்களிடம் பொருள் இருந்தது, கதை இருக்கவில்லை.

அருங்காட்சியக அட்டையில் 'பூவும் பாலமும்' எண்டு எழுதினால் அது பிழையில்லை. ஆனால் அந்தப் பாலத்தடியில் இருந்து அழுதவன் இரண்டாம் தரமும் காணாமல் போய்விடுவான். முதல் தரம் அவனை மறைத்தது கலைஞன், வாசிப்பவர் கண்டுபிடிப்பார் என்ற நம்பிக்கையில்.