ஏழு எழுத்தில் ஒரு சொல்

ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்று ஏழு எழுத்துகளைக் கொடுத்து, ஒன்றும் மிச்சமில்லாமல் ஒரு சொல் அமையுங்கள் என்றால் எத்தனை பேருக்கு வரும்? ரிட்டெய்ன்ஸ் வரும், ரெட்டினாஸ் வரும், நாஸ்டியர் வரும், ஸ்டெய்னர் வரும். அகராதியைப் புரட்டினால் இன்னும் சில கிடைக்கும். இதே ஏழையும் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தால், துணிக்குப் பட்டு மெருகேற்றுவதைக் குறிக்கும் 'சத்தினே' என்பார். ரஷ்யச் சக்கரவர்த்தினியைக் குறிக்கும் 'ட்ஸாரின்' என்றும் சொல்வார். எழுத்து ஒன்றுதான், வீடு வேறு.

இருக்கிற எழுத்துகளைக் கொண்டு நீண்ட சொல்லாகப் பிடிப்பதை உலகம் முழுக்கப் பரப்பியது ஸ்க்ராபிள் என்னும் விளையாட்டு. பேரப்பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதை உண்டாக்கியவர் ஆல்ஃப்ரெட் பட்ஸ், நியூயார்க் மாநிலத்தில் பொகீப்ஸி என்ற ஊரில் 1899-ல் பிறந்தவர். படித்த தொழில் கட்டடக் கலை. அமெரிக்காவில் பெருமந்தம் வந்தது, 1931-ல் வேலை போயிற்று. வீடு கட்ட ஆளில்லாத காலத்தில் கட்டட வரைபடம் யாருக்கு வேண்டும்?

சும்மா இருந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். கணிப்பொறி இல்லாத நாள். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, பக்கம் பக்கமாக எண்ணி, கடைசியில் கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கிற அதே வேலைதான். அந்தக் கணக்கிலிருந்துதான் ஈ என்ற எழுத்துக்கு 12 கட்டைகள், கியூவுக்கு ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி என்று மொத்தம் 100 கட்டைகளுக்குப் பங்கீடு வந்தது. எஸ்ஸுக்கு மட்டும் வேண்டுமென்றே கையைச் சுருக்கி நான்கு கொடுத்தார். இல்லாவிட்டால் எல்லோரும் சொல்லின் வாலில் ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1948-ல் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் உரிமையை வாங்கி, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ஒரு சிறு பங்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்தார். 1949-ல் 2,400 பெட்டிகள் செய்தார், 450 டாலர் நஷ்டம். அப்புறம்தான் சூடு பிடித்தது. நமக்கு வேடிக்கையாக இருப்பது, பட்ஸுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் அவ்வளவாக வராது என்பதுதான். அவருடைய மனைவி நீனா, கியூவும் எக்ஸும் சேர்ந்து வரும் 'க்விக்ஸாட்டிக்' என்ற எட்டெழுத்துச் சொல்லை ஒருமுறை வைத்து அவரைத் தோற்கடித்தாராம்.

பிரெஞ்சுப் பெட்டியைப் பார்த்தால் வேறு கணக்கு. 102 கட்டைகள், ஈ மட்டும் 15. ஆங்கிலத்தில் மலிவாகக் கிடைக்கும் டபிள்யூ அங்கே ஒன்றே ஒன்று, 10 புள்ளி. கே-யும் அப்படியே. பிரெஞ்சு மட்டுமே படித்தவன் கண்ணுக்கு 'விக்', 'நாக்', 'வாக்' என்று கேயும் டபிள்யூவுமாக நிற்கும் ஆங்கிலப் பக்கம் எவ்வளவு அந்நியமாகத் தெரியும் என்பதற்கு இந்தப் பெட்டியே சாட்சி.

பிரான்சிலும் இந்தப் பைத்தியத்துக்குக் குறைவில்லை. 1965-ல் அர்மான் ழமோ என்பவர் தொலைக்காட்சியில் 'மிக நீண்ட சொல்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு போட்டி தொடங்கினார். 1972-ல் கணக்கும் சேர்ந்து 'எண்களும் எழுத்துகளும்' ஆயிற்று. இங்கிலாந்துக்காரர்கள் அதையே எடுத்து 'கவுன்ட்டவுன்' என்று ஆக்கினார்கள். அங்கே சேனல் ஃபோர் 1982 நவம்பர் 2-ஆம் தேதி தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியே அதுதான். ஒன்பது எழுத்து, முப்பது வினாடி. ஆங்கிலச் சொல்லைத் தேட ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடம் கடன் வாங்கியதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2015-ல் நடந்த விஷயம். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் ஆங்கில ஸ்க்ராபிளில் அதற்கு முன்பே மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர். பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு உலகப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சு பேச வராது. சுமார் ஒன்பது வாரம் அகராதிப் பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்தார், போனார், ஜெயித்தார். இறுதியில் தோற்றவர் ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டுக்காரர். நம் புதுவையைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடு அது, அவர் அந்த மொழியிலேயே படித்து வளர்ந்தவர். 2024-ல் ஸ்பானிய மொழியிலும் ரிச்சர்ட்ஸே பட்டம் வாங்கினார்.

பத்திரிகையில் இதைப் படித்த நண்பர்கள் பலர் 'இது என்ன மொழியறிவு, கிளிப்பிள்ளை வித்தை' என்றார்கள். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. காரணம் எங்கள் இலாகாவில் இருந்த ஒரு தட்டச்சர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவர். 1962-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு கோப்பெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறியது, அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச வராது. பிரெஞ்சு வழியில் வந்தவர்களுக்கு ஆங்கில எழுத்தில் கண்ணி நிறைய. முகவரி என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் ஒரு டி, ஆங்கிலத்தில் இரண்டு. அரசாங்கம் என்ற சொல்லில் பிரெஞ்சுக்கு நடுவில் ஓர் ஈ கூடுதல். அவர் இதில் ஒன்றிலும் விழுந்ததில்லை. மேலதிகாரி எழுதிக் கொடுத்த வரைவிலேயே தப்பைக் கண்டுபிடித்து, "இந்தச் சொல்லுக்கு முகம் சரியில்லை தம்பி, போய்க் கேட்டு வா" என்று என்னை அனுப்புவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அரசாணைகளில் ஓயாமல் வரும் சொல் 'நாட்வித்ஸ்டாண்டிங்'. ஆயிரம் தடவையாவது அடித்திருப்பார். அதற்கு என்ன அர்த்தம் ஐயா என்று ஒருநாள் கேட்டேன்.

"அர்த்தம் ஆபீசருக்குத் தெரியும். பதினைந்து எழுத்து, நடுவில் இடம் விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தைச் சொருகினார்.