பொகவந்தலாவைக் கல்லறைகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை செல்லும் சாலையின் இருபுறமும் தேயிலைதான். அங்குள்ள புனித மரியாள் ஆலயம் அளவில் சிறிய ஆங்கிலிக்கன் தேவாலயம். அதன் வளாகத்திலுள்ள பழைய கல்லறைகளைப் படமெடுக்கவென்றே நண்பர்கள் மூவர் அண்மையில் சென்றிருந்தோம். எங்களை அங்கே ஈர்த்தது புகைப்படக்கலையின் முன்னோடி ஒருவரின் கல்லறை.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆம் வயதில் முதல் கேமரா கைக்கு வந்தது. டெனிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்று நாம் அறிவது பெரிதும் அவர் படங்கள் வழியாகவே. 1875இல் கணவருடன் இலங்கையில் குடியேறி, 1879இல் மறைந்தார். அடுத்த ஆண்டே கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் மறைய, இருவரும் இங்கே அடக்கமாயினர்.

அந்தக் கணவரும் வரலாற்றில் இடம்பெற்றவரே. கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் அவர்தாம். அக்குழுவின் பரிந்துரையால் 1830களின் தொடக்கத்தில் ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. பின்னர்ப் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, துரைமாரின் பார்வை தமிழகத்தின் பஞ்சம் பாதித்த ஊர்களின்மேல் விழுந்தது.

உச்சிவெயிலில் கல்லெழுத்து படத்தில் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் வெட்டுகளில் நிழல் தங்கும். ஆகவே காலையிலேயே சென்றோம். மேகம் மறைத்தபோது, வெள்ளைத் துணியொன்றை ஒருபுறம் விரித்துப் பிடித்து ஒளியைத் திருப்பினோம். பாசியைச் சுரண்டவில்லை, சுரண்டினால் கல்லும் உதிரும்.

படமெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் உறுத்தல் எழுந்தது. இங்கிலாந்தில் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைக்கூடப் பெயருடன் பதிவில் விட்டுச்சென்ற ஜூலியா, இலங்கையில் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தொழிலாளரும் கிராமத்தாரும் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பதுபோல் ஒரு தலைப்பு, அவ்வளவே.

துரைமாரை முன்னோடிகள் என்கிறோம். ஆயின் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலும் தோட்டத்திலும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் யார்? மரத்தில் கோடரி வைத்த கைகளுள் அவர்களுடையவையும் உண்டு. 2023இல், அவர்கள் வரவின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தனர். கல்லில் இல்லாத பெயர்களைக் காலால் எழுதிய நடை அது.

திரும்பும் வழியில் கொழுந்துக் கூடையுடன் வந்த மூதாட்டி ஒருவர், என்ன படம் எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னோம்.

"எங்க தாத்தாவ அந்த நாலாம் நம்பர் மலையிலதான் பொதைச்சது தம்பி. பொறகு மேல தேயில வச்சிட்டாங்க" என்று கை காட்டினார்.

அவர் காட்டிய திசையில் ஒரு படம் எடுத்தோம். அதில் பச்சைச் சரிவு மட்டுமே இருக்கிறது. தாத்தாவின் பெயரைக் கேட்டு, அந்தப் படத்தின் கீழே எழுதி வைத்திருக்கிறோம்.