பழைய கீபோர்டை புது லேப்டாப்பில் இணைப்பது எப்படி? அடாப்டர் வாங்கும் முன் இதை கவனிங்க!

வயர் முனையில் வட்டமான, 6 ஊசிகள் உள்ள பிளக் இருக்கிறதா? அது பிஎஸ்/2 கீபோர்டு. 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த இந்த இணைப்புக்கான போர்ட் இப்போதைய லேப்டாப்களில் கிடையாது. அடாப்டர் தேவை.

எந்த அடாப்டர்?

இதில் 2 வகை உண்டு. சின்ன சைஸ் அடாப்டர் வயர்களை மட்டுமே இணைக்கும். பிஎஸ்/2, யூஎஸ்பி இரண்டுக்கும் ஏற்ற கீபோர்டில்தான் அது வேலை செய்யும். மற்ற கீபோர்டுகளுக்கு, சிக்னலை மாற்றித் தரும் சிப் உள்ள ‘ஆக்டிவ் கன்வெர்ட்டர்’ வேண்டும். விலை குறைவுன்னு முதல் வகையை வாங்கினா, காசு வீணாகலாம்.

இணைப்பது எப்படி?

* முதலில் கீபோர்டை கன்வெர்ட்டரின் ஊதா நிற சாக்கெட்டில் செருகுங்க. பச்சை நிறம் மவுஸுக்கானது.
* ஊசி வளையாமல் நேராக அழுத்துங்க.
* பிறகு கன்வெர்ட்டரை லேப்டாப்பில் மாட்டுங்க. டைப்-சி போர்ட் மட்டும் இருந்தால், அதற்கான யூஎஸ்பி அடாப்டரும் தேவை.
* பொதுவாக தனி சாஃப்ட்வேர் தேவையில்லை.

விண்டோஸ் கீ இல்லையா? கன்ட்ரோல், எஸ்கேப் கீகளை சேர்த்து அழுத்தினால் ஸ்டார்ட் மெனு வரும்.

சாதா அடாப்டரில் ஓடலையா? கீபோர்டு போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஆக்டிவ் கன்வெர்ட்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்க!